பேஸ்மென்டில் இருக்கும் குக்கர்

கேள்வி:

பாஸ்டன் அருகே இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. அப்பா புற்றுநோயில் இறந்த பிறகு, அவர் நினைவாக 2013 பாஸ்டன் மாரத்தானில் ஒரு புற்றுநோய் அமைப்புக்கு நிதி திரட்டி ஓடினேன். ஆபீஸ், தமிழ்ச் சங்கம் என்று எல்லோரிடமும் கேட்டு வசூலித்த பணம். நான் ஓடி முடிப்பதைப் பார்க்க மனைவியும் ஏழு வயது மகளும் பாய்ல்ஸ்டன் தெருவில் நின்றிருந்தார்கள். மகள் பாத்ரூம் போகவேண்டும் என்று அடம்பிடிக்க, மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்திருக்கிறாள். பத்து நிமிடத்தில் அந்த இடத்துக்கு அருகிலேயே குண்டு வெடித்தது. எனக்கு ஒரு மைல்கூட மீதியில்லை, வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் இருவரையும் கண்ணால் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் கடவுள் எனக்குத் திருப்பிப் போட்ட பிச்சை. வருடா வருடம் ஏப்ரல் 15 அன்று ஆஷ்லாந்து லட்சுமி கோயிலில் மூன்று பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்கிறேன். மனைவி கடைக்குப் போனாலும் ‘வந்து சேர்ந்துட்டேன்’ என்று மெசேஜ் போடவேண்டும். மகளிடம், ‘உன்னாலதான் நாம இன்னைக்குக் குடும்பமா இருக்கோம்’ என்று அடிக்கடி சொல்வேன். அவள் இப்போது ஆம்ஹர்ஸ்டில் படிக்கிறாள். போன மாதம் போனில் லொகேஷனை அணைத்துவிட்டாள். ராத்திரி பதினொரு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் அவள் ஹாஸ்டல் வாசலில் நின்றேன். ‘அப்பா, நான் உயிரோட இருக்கேன்னு தினம் தினம் நிரூபிக்க முடியாது’ என்றாள். மனைவி எதுவும் சொல்வதில்லை. குண்டை வைத்தது பிரஷர் குக்கரில் என்று செய்தி வந்த அன்றே எங்கள் வீட்டுக் குக்கரைக் கொண்டுபோய் பேஸ்மென்டில் வைத்தேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வீடு மாறியபோது அதுவும் பெட்டி பிரிக்காமல் கூடவே வந்தது. அதன்பிறகு நான் ஒருநாளும் ஓடவில்லை.

எட்டு வயதுப் பையன் ஒருவன் அங்கே இறந்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். இவ்வளவு நன்றியோடு இருப்பவனுக்கு ஏன் நிம்மதி இல்லை? என் நன்றி இவர்களுக்கு ஏன் புரியவில்லை?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கையில் பென்சிலோடு. அன்று உங்கள் மனைவி என்ன பார்த்தார், என்ன கேட்டார், குழந்தையோடு எந்த வழியாக வெளியே வந்தார் என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடினேன். ‘நகர்ந்திருக்கிறாள்’ என்று ஒரே ஒரு சொல் கிடைத்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு இதற்கு வருகிறேன். அதற்கு முன் சொல்லவேண்டியவை சில இருக்கின்றன.

அன்று குண்டு வெடித்தது மதியம் 2:49-க்கு. முடிவுக்கோட்டுக் கடிகாரம் அப்போது 4 மணி 9 நிமிடம் காட்டியது. பரிசுக்காக ஓடியவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டுப் போயாயிற்று. நாலு மணி நேரத்தில் வந்து சேர்பவர்கள் உங்களைப் போன்றவர்கள். வேலை முடிந்து ராத்திரியில் பயிற்சி எடுத்தவர்கள், செத்துப்போன அப்பாவுக்காக, நோயில் கிடக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக வசூல் செய்துவிட்டு ஓடுகிறவர்கள். இந்த மாரத்தானில் அறக்கட்டளைகளுக்காக ஓடும் ஏற்பாடு 1989-இலிருந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் பாய்ல்ஸ்டன் தெருவோரம் நின்ற கூட்டமும் அப்படித்தான்: அம்மா, மனைவி, பிள்ளை, கையால் எழுதிய அட்டை. பன்னிரண்டு வினாடி இடைவெளியில் இரண்டு குண்டுகள். மூன்று பேர் இறந்தார்கள். 260 பேருக்கு மேல் காயம். நல்ல காரியத்துக்காக ஓடியவர்களையும் அவர்களைப் பார்க்க வந்தவர்களையும் தேடிவந்து அடித்ததுபோல அந்த நேரம் அமைந்துவிட்டது. ‘புண்ணியம் செய்யப்போன இடத்தில் இப்படியா’ என்று உங்களுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். அது இயல்பு. அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, கோயில் குருக்களிடமும் இருக்காது.

ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, அதன் நிழலை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்: ‘அதன்பிறகு நான் ஒருநாளும் ஓடவில்லை.’ நான் ஓடாமல் இருந்திருந்தால் அவர்கள் அங்கே நின்றிருக்கமாட்டார்கள். இதுதானே? அவர்களை அந்த நடைபாதையில் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான் என்று உங்கள்மேல் நீங்களே ஒரு வழக்குப் போட்டு, சாட்சி, வக்கீல், நீதிபதி எல்லாமும் நீங்களே ஆகித் தண்டனையும் அனுபவித்து வருகிறீர்கள்.

இந்த மாதிரி வழக்கில் நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான். அன்று காலை உங்களுக்குத் தெரிந்தது என்ன? முந்தின நாள் சித்திரை முதல் தேதி. விஜய வருடம் பிறந்திருந்தது. வீட்டில் மாங்காய்ப் பச்சடி வைத்திருப்பீர்கள், வேப்பம்பூ ஊரிலிருந்து வந்திருக்கும். மறுநாள் அங்கே விடுமுறை. மனைவியிடமும் மகளிடமும், ‘சரியா நாலு மணி நேரத்துல வந்துடுவேன், கோட்டுக்கிட்ட நில்லுங்க’ என்று சொல்லியிருப்பீர்கள். அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். 2:50-க்குத் தெரிந்ததை வைத்துக் காலை எட்டு மணிக்காரனைத் தண்டிக்கிறீர்கள். அந்தக் காலை எட்டு மணிக்காரன் தன் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒரு நல்ல காட்சியைக் காட்ட ஆசைப்பட்டவன். அவனை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்தச் சிறுவன். உங்கள் மகளைவிட ஒரு வயது பெரியவன். ஊரில் இருந்து போன் செய்த ஒவ்வொருவரும், ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, நன்றி சொல்லு’ என்று சொல்லியிருப்பார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் உங்களுக்கு அது முள்ளாகக் குத்தியிருக்கும், ஏனென்றால் உங்கள் தலைப்பாகை விழுந்த தெருவில் வேறு ஒருவரின் தலை விழுந்தது. ‘என் பிள்ளையைக் காப்பாற்றியதற்கு நன்றி’ என்று நீங்கள் கும்பிடும்போது, ‘அப்படியானால் அந்தப் பிள்ளையை?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். உடனே கூசிப்போய், அந்தக் கூச்சத்தை மூடுவதற்காக இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கும்பிடுவீர்கள். தப்பித்தவனின் குற்ற உணர்ச்சி என்று எங்கள் மனநலத் துறையில் இதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்து பெரிய பயன் இல்லை. இதைச் சமாளிக்க ஒரு சின்ன வழி உண்டு: இரண்டையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் மகள் இருக்கிறாள் என்ற சந்தோஷம் வேறு, அந்தப் பையன் இல்லை என்ற துக்கம் வேறு. ஒன்றுக்கு மற்றொன்று விலை இல்லை. 2014-இல் பந்தயத்தை வென்ற மெப் கெஃப்லெஸிகி, இறந்தவர்களின் பெயர்களைத் தன் எண் அட்டையின் மூலைகளில் பேனாவால் எழுதிக்கொண்டு ஓடினார். 1983-க்குப் பிறகு அங்கே ஜெயித்த முதல் அமெரிக்க ஆண் அவர். கோட்டைத் தாண்டியபோது அழவும் செய்தார், சிரிக்கவும் செய்தார். அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இனி, நீங்கள் நன்றி என்று சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கறாராகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடவேண்டும். மகள் எந்தக் கட்டடத்தில் இருக்கிறாள் என்று போனில் ஒரு நீலப் புள்ளி காட்டவேண்டும். இதை நீங்கள் நன்றி என்கிறீர்கள். நான் இதைப் பயம் என்பேன். பயம் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், நீங்களே உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். மெசேஜ் வருவதற்கு முன் நெஞ்சு அடைக்கிறது. வந்ததும் விடுகிறது. அந்த விடுதலை இருக்கிறதே, அதுதான் சிக்கல். ‘நான் சரிபார்த்ததால்தான் அவள் பத்திரமாக இருக்கிறாள்’ என்று மூளை அதிலிருந்து பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அடைக்கும், இன்னும் அடிக்கடி சரிபார்க்கச் சொல்லும். சரிபார்க்காமல் இருந்தாலும் அவள் பத்திரமாகத்தான் திரும்பி வருவாள் என்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே உங்கள் மூளைக்கு இத்தனை வருடமாகக் கிடைக்கவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் சில மாதம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு அம்மா. ராத்திரி படுக்கும்போது தன் முந்தானையை மகனின் இடுப்புக் கயிற்றில் இறுக்கி முடிந்துகொள்வார். அவன் அலையிலிருந்து பிழைத்த ஒரே பிள்ளை. அம்மாவை எழுப்பப் பயந்து, அவன் நடுராத்திரியில் சிறுநீர் வந்தாலும் எழமாட்டான், பாயிலேயே நனைத்துவிடுவான். பத்து வயதுப் பையன். விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு யாரும் பார்க்காமல் அலசப் போவான். ‘பையனுக்கு அதிர்ச்சியில் இப்படி ஆகிவிட்டது, மருந்து கொடுங்கள்’ என்று அந்த அம்மா என்னிடம் வந்தார். மருந்து கொடுக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கத்தான் நாலு வாரம் பிடித்தது. முதலில் முந்தானைக்குப் பதில் நீளக் கயிறு, பிறகு அவன் படுக்கை ஒரு முழம் தள்ளி, பிறகு இரண்டு முழம்.

உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை, உங்களால் முடியாது. முதலில் மனைவி கடைக்குப் போகும்போது அந்த மெசேஜ் வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் வரும்வரை என்ன தோன்றுகிறதோ அதைத் தோன்ற விடுங்கள். நெஞ்சு அடைக்கும், ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். அது தானாக இறங்குவதை நீங்கள் பார்ப்பதுதான் சிகிச்சை. மகளின் லொகேஷனை மறுபடி கேட்காதீர்கள். அவளாக வாரம் ஒருமுறை கூப்பிடட்டும். நம் ஊரில் யாரும் வாசலைத் தாண்டும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள், ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்வார்கள். அதைச் சொன்னபின் பின்னாலேயே போய்த் தெருமுனையில் நின்று எட்டிப் பார்ப்பதில்லை.

மகளைப் பற்றி இன்னும் ஒன்று. ‘உன்னாலதான் நாம இன்னைக்குக் குடும்பமா இருக்கோம்’ என்று ஏழு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறாள். உங்களுக்கு அது கொண்டாட்டம். அவளுக்கு அது வேலை. மூன்று உயிர்களைக் காப்பாற்றிய குலதெய்வமாக ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டால், அது தப்பு செய்யக்கூடாது, தோற்கக்கூடாது, தொலைபேசியை அணைக்கக்கூடாது. தன்னால் காப்பாற்ற முடிந்தது என்றால், காப்பாற்றாமல் விட்டதற்கும் தானே பொறுப்பு என்று குழந்தை மனம் கணக்குப் போடும். அந்த எட்டு வயதுப் பையனைப் பற்றி அவளும் யோசித்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள். உண்மை என்ன? அவளுக்கு அன்று பாத்ரூம் போகவேண்டியிருந்தது. அவ்வளவுதான். அடுத்த தடவை பார்க்கும்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி அவளைப் பீடத்திலிருந்து இறக்கிவிடுங்கள். ஹாஸ்டல் வாசலில் நின்றதற்கு மன்னிப்பும் கேளுங்கள், விளக்கம் எதுவும் சேர்க்காமல்.

ஏப்ரல் மாதத்தில் பழைய காணொளிகளைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். இருக்கும் என்பது என் ஊகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் இந்தக் குண்டுவெடிப்புக்குப் பின் ஒன்றைக் கண்டார்கள். அடுத்த வாரத்தில் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் நேரடியாக இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருந்தது. பார்த்தால் தெளிவு வரும் என்று நினைக்கிறோம். மூளைக்கோ ஒவ்வொரு முறையும் அது புதிதாக நடக்கிறது. அதற்குப் பதிலாக ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அன்று மருத்துவமனைகளுக்கு உயிரோடு கொண்டுசெல்லப்பட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. கால் போனவர்களே பதினைந்து பேருக்கு மேல் இருந்தும். ஓடிக் களைத்தவர்களுக்காகப் போட்டிருந்த மருத்துவக் கூடாரம் பக்கத்திலேயே இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பெல்ட்டைக் கழற்றி ரத்தம் போகாமல் இறுக்கிக் கட்டினார்கள். உங்களைப் போல வழியில் நிறுத்தப்பட்டு, பனியன் டவுசரோடு ஏப்ரல் குளிரில் நடுங்கியவர்களுக்கு, அந்தத் தெருக்காரர்கள் தண்ணீரும், மேலே போட்டுக்கொள்ளக் கறுப்புக் குப்பைப் பைகளும் கொண்டுவந்து தந்தார்கள். உங்களுக்கும் யாராவது தந்திருப்பார்கள். யாருடைய போனையாவது வாங்கித்தான் மனைவியை அழைத்திருப்பீர்கள். நன்றியில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2015-இலிருந்து பாஸ்டன் நகரம் ஏப்ரல் 15-ஐ யாருக்காவது ஏதாவது உதவி செய்யும் நாளாக வைத்திருக்கிறது. அர்ச்சனைக்குப் பிறகு உங்களுக்கு நாள் முழுக்க இருக்கிறது.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் ஒரு மனநல நிபுணரை நேரில் பார்க்கவேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இத்தகைய அதிர்ச்சிக்கென்றே பயிற்சி பெற்றவராகப் பாருங்கள். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சையும், கண்களை இருபுறமும் அசைத்தபடி அந்த நினைவை எதிர்கொள்ளும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் பலருக்குப் பலன் தருபவை. இத்தனை வருடம் ஆனபின் என்ன என்று நினைக்காதீர்கள். தாமதமாக வந்தவர்களும் குணமாகிறார்கள். ‘நன்றி நாட்குறிப்பு எழுதுங்கள்’ என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் பயிற்சி நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே நன்றிக்கடனில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் கையில் இன்னொரு கணக்கு நோட்டைக் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

இப்போது உங்கள் மனைவி.

அன்று நீங்கள் குண்டு வெடித்த இடத்திலிருந்து தள்ளி இருந்தீர்கள். சத்தம் கேட்ட இடத்தில் ஏழு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் அவர். அடுத்த குண்டு எங்கே என்று தெரியாமல் குழந்தையை இழுத்துக்கொண்டு போனவர் அவர். ஓடிக்கொண்டிருந்த கணவன் என்ன ஆனான் என்று தெரியாமல் இரண்டரை மணி நேரம் நின்றவரும் அவர்தான். நீங்கள் கோட்டை நெருங்கும் நேரம் அதுதான் என்று அவருக்குத் தெரியும். தப்பித்தது அவர்கள் இருவர் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அவர் கணக்கில் தப்பித்தவர் நீங்கள். அவருடைய 15-ஆம் தேதி எப்படிப் போனது என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது கேட்டீர்களா?

உங்கள் நன்றியெல்லாம் அவர்களைப் பற்றியது. போய்ச் சேர்வது மட்டும் லட்சுமி சன்னிதிக்கு. பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை நடக்கும்போது உங்கள் மனைவி பக்கத்தில்தானே நிற்கிறார்? அவர் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நம் வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்கு நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது, சொன்னால் ‘என்ன ஆச்சு உங்களுக்கு’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதனால் நன்றி என்ற சொல்லே வேண்டாம். கேள்வியாகக் கேளுங்கள். ‘அன்னைக்கு நீ எந்தப் பக்கமா வந்தே?’ என்று ஆரம்பித்தால் போதும். அவர் உடனே சொல்லாமல் இருக்கலாம், அழலாம், ‘இப்ப எதுக்கு அதெல்லாம்’ என்று எழுந்து போகலாம். விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். சொல்ல ஆரம்பித்தால் நடுவில் உங்கள் கதையை எடுக்காதீர்கள்.

அந்தக் குக்கர். கடிதத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட ஒரே வரி அதுதான். சமையலறையிலிருந்து ஒருநாள் குக்கர் காணாமல் போகிறது. சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கக் கை நீட்டியவருக்கு அது இல்லை. எங்கே என்று அவர் கேட்கவில்லை. செய்தியில் வந்த அந்தக் கோணிப்போன மூடியை அவரும் பார்த்திருப்பார். அன்று ராத்திரியே பருப்பைச் சட்டியில் போட்டு முக்கால் மணி நேரம் கிளறியிருப்பார், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும். ‘மனைவி எதுவும் சொல்வதில்லை’ என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். விசில் சத்தமில்லாத ஒரு வீட்டை உங்களுக்காகப் பல வருடமாக அவர் நடத்திவந்திருக்கிறார்.

அவரிடம் பேசி முடித்தபின், அவரும் சரி என்றால், ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் பெட்டியைப் பிரித்து மேலே கொண்டுவாருங்கள். முதல் விசில் வரும்போது இரண்டு பேரும் சமையலறையிலேயே இருங்கள். காஸ்கெட் இறுகிப்போயிருக்கும், வெயிட்டும் சேஃப்டி வால்வும் பழசு. புதுசு வாங்கி மாட்டிவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.